உழவு இயந்திரத்தின் ஓசையை அறிதல்



பெரும்போகத்தில் வாய்க்கால் நீர் நமக்காகக் காத்திருப்பதில்லை. அந்நாட்களில் உழவு இயந்திரம் சேற்றின் நடுவே நின்றுவிடுமாயின், அதன் சொந்தக்காரர் மட்டுமன்றி, அவரை நம்பியிருக்கும் அயல் வயற்காரரும் பருவந் தவறுவர். இவ்வாறு நின்றுபோகும் இயந்திரங்கள் பல, தமது குறையைப் பல நாட்களுக்கு முன்பே ஓர் ஓசையால் அறிவித்துவிடுகின்றன. அவ்வோசை எப்பாகத்திலிருந்து எழுகிறதென்பதை நீங்களே அறிந்துகொள்ளும் முறையை இன்று கூற விரும்புகின்றேன்.

இங்கிலாந்தின் கொவென்றி நகரில் 1956 முதல் 1964 வரை செய்யப்பட்ட 35ஆம் இலக்க மசி பேர்குசன் இயந்திரத்தை உதாரணமாகக் கொள்வோம். பழைய இயந்திரங்களுள் நம் கமக்காரர் நன்கறிந்தது அது. அதன் எஞ்சினில் எழும் விசை கிளச், கியர்ப் பெட்டி, பின்னச்சிலுள்ள பினியன் என்னும் சிறு பற்சக்கரம், அதனாற் சுழலும் கிரவுண் என்னும் பெருஞ் சக்கரம், டிபரன்சியல், அச்சுத்தண்டு ஆகியவற்றின் வழியே சில்லை அடைகிறது. இச்சங்கிலியில் எக்கண்ணி பழுதென்று காண்பதே நம் வேலை.

“ஓசை எப்படிப்பட்டது?” என்று முதலிற் கேளாதீர்கள். ஒருவர் காதுக்கு முனகலாகத் தோன்றுவது இன்னொருவருக்கு இரைச்சலாகத் தோன்றும். “எப்பொழுது எழுகிறது? எப்பொழுது நிற்கிறது?” என்று கேளுங்கள். இதற்கு எல்லோரும் ஒரே விடையைக் கூறுவர். பழுதின் இடத்தைக் காட்டுவதும் அவ்விடையே.

முதலில் செலவில்லாத காரணங்களை நீக்கிவிடுங்கள். சில்லின் சுரைகள் தளர்ந்திருப்பினும், மட்காப்பு ஆடினும், கொழுவியின் ஊசி தேய்ந்திருப்பினும் பற்சக்கரம் உடைந்தது போன்ற ஓசை எழும். தார்வீதியிற் கேட்கும் இரைச்சல் மண் பாதையில் இறங்கியதும் மறையுமாயின், அது ரயரின் கட்டைகள் எழுப்பும் ஓசையேயாகும். இவற்றைப் பாராது கியர்ப் பெட்டியைத் திறப்பது வீண் செலவு.

அடுத்து, இயந்திரத்தை மட்டமான நிலத்தில் நிறுத்திக் கைப்பிரேக்கைப் பூட்டி, கியரை நடுநிலையில் வைத்து எஞ்சினை மெதுவாக ஓடவிடுங்கள். கிளச் மிதியில் காலை இலேசாக வைத்ததும் ஓசை எழுந்து, காலை எடுத்ததும் நிற்குமாயின், கிளச்சை விடுவிக்கும் பெயாரிங் தேய்ந்துள்ளது. உழும்போது மிதியின்மேற் காலை வைத்திருக்கும் வழக்கமே பெரும்பாலும் இதற்குக் காரணம். மாறாக, மிதியை விட்டிருக்கும்போது கேட்கும் ஓசை மிதியை அழுத்தியதும் நிற்குமாயின், கியர்ப் பெட்டியுள்ளே புகும் தண்டின் பெயாரிங்கிலும் அதனுடன் சுழலும் பற்சக்கரங்களிலும் ஐயங் கொள்ளுங்கள். இரட்டைக் கிளச் உள்ள இயந்திரங்களில் மிதியை அரைவாசி அழுத்தினால் கியர்ப் பெட்டிக்குச் செல்லும் விசை நிற்கும். முழுவதும் அழுத்தினாலேதான் பின்புற விசைத்தண்டும் நீரியற் பம்பியும் நிற்கும். ஆகவே முழுவதும் அழுத்தியபின்னரே நிற்கும் ஓசை அத்தண்டையோ பம்பியையோ சார்ந்ததாகும்.

இனி இயந்திரத்தை வெறுமையாக ஓட்டிப் பாருங்கள். ஒரே கியரில் மட்டும் ஓசை எழுந்தால் அக்கியரின் பற்சக்கரமே குற்றமுடையது. இவ்வியந்திரத்தில் மூன்று முன்கியர்களை உயர்நிலை, தாழ்நிலை என்னும் இரு நிலைகளில் இட்டு ஆறாக்கியிருக்கிறார்கள். தாழ்நிலையில் மட்டும் ஓசை எழுந்து உயர்நிலையில் மறைந்தால், வேகத்தைக் குறைக்கும் சிறு சக்கரத் தொகுதியைப் பார்க்கவேண்டும். உயர்நிலையில் அத்தொகுதி வேலை செய்வதில்லை. எல்லாக் கியர்களிலும் ஓசை இருந்து, சுமை இழுக்கும்போது ஒரு விதமாகவும் சரிவில் இறங்கும்போது வேறு விதமாகவும் மாறுமாயின், பினியனும் கிரவுணும் ஒன்றையொன்று கவ்வும் இடத்திலோ அவற்றின் பெயாரிங்கிலோ பழுதுண்டு. நேரே செல்லும்போது அமைதியாகவிருந்து, திரும்பும்போது மட்டும் ஓசை செய்தால் டிபரன்சியலின் சிறு பற்சக்கரங்களைப் பாருங்கள். அதற்குமுன், டிபரன்சியற் பூட்டின் மிதி சிக்கிக்கொண்டு பூட்டிய நிலையிலேயே நிற்கின்றதாவென்று நோக்குக.

“டக், டக்” என்று விட்டுவிட்டுக் கேட்கும் ஓசைக்கு ஓர் எளிய சோதனை உண்டு. பின்சில்லில் வெண்கட்டியால் ஒரு கோடு கீறுங்கள். ஒருவர் நேர்வழியில் மெதுவாக ஓட்ட, மற்றொருவர் எட்ட நின்று தொடர்ந்து நடந்து, கோடு ஒருமுறை சுற்றிவரும்போது எத்தனை தட்டுகள் கேட்கின்றனவென்று எண்ணட்டும். சுற்றளவு 4 மீற்றரான சில்லு, மணிக்கு 4 கிலோமீற்றர் வேகத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 17 முறையே சுற்றும், எண்ணுவது கடினமன்று. சுற்றுக்கு ஒரு தட்டு கேட்டால் சில்லு, அதன் சுரைகள், அச்சுத்தண்டு, கிரவுணின் ஒரு பல் ஆகியவற்றுள் ஒன்று குற்றமுடையது. சுற்றுக்கு ஏறத்தாழ ஆறு தட்டுகள் கேட்டால் பினியனில் ஐயங் கொள்ளலாம். கிரவுண் ஒருமுறை சுற்றுவதற்குப் பினியன் அத்தனை முறை சுற்றுகிறது.

காது கூறியதை எண்ணெயால் உறுதிசெய்யலாம். இவ்வியந்திரத்தில் கியர்ப் பெட்டிக்கும் பின்னச்சுக்கும் நீரியற் பம்பிக்கும் எண்ணெய் ஒன்றே. சேற்றுழவின்போது தேய்ந்த அடைப்புகள் வழியே நீர் உட்புகுந்தால் எண்ணெய் பால்போல வெளுக்கும். இரவு முழுவதும் இயந்திரத்தை நிறுத்திவைத்து, காலையில் அடியிலுள்ள வடிகாற் திருகாணியைச் சற்றுத் தளர்த்துங்கள். அடியிற் தங்கிய நீர் முதலில் வெளிவரும். வடித்த எண்ணெயில் காந்தத்தை இட்டுப் பாருங்கள். மென்மையான சாம்பற் பசை பழைய இயந்திரத்துக்கு இயல்பு. செதில்களும் துண்டுகளும் பற்களோ பெயாரிங்குகளோ உடைவதைக் காட்டும். காந்தத்தில் ஒட்டாத மஞ்சட் துகள்கள் வெண்கலப் பாகம் தேய்வதன் அறிகுறி. ஓசையை அடக்குவதற்காகத் தடித்த எண்ணெயை ஊற்றாதீர்கள். அது பழுதை மாற்றாது. பம்பிக்கும் கேடு செய்யும்.

இச்சோதனைகளின்போது உயிருக்கு ஆபத்து நேராதபடி காத்துக்கொள்வது முதற்கடமை. சாரத்தையும் சால்வையையும் இறுகக் கட்டி, சுழலும் விசைத்தண்டின் அருகே செல்லாதிருங்கள். ஒரு பின்சில்லை மட்டும் ஜாக்கியால் உயர்த்தி எஞ்சினைக் கியரில் ஓட்டுவது கூடவே கூடாது. உயர்ந்த சில்லு இருமடங்கு வேகத்திற் சுழலும். டிபரன்சியற் பூட்டு விழுந்துவிட்டாலோ நிலத்திலுள்ள சில்லு பற்றியிழுக்க, இயந்திரம் ஜாக்கியிலிருந்து பாய்ந்துவிடும். உயர்த்திப் பார்க்கவேண்டியதைப் பயிற்சி பெற்ற மெக்கானிக்கிடம் விடுங்கள்.

இறுதியாக, வேலையைத் தொடர்வதா நிறுத்துவதா என்னும் கேள்வி. கிளச் பெயாரிங்கின் இலேசான ஓசையாயின், மிதியை அளவோடு பாவித்து எஞ்சியுள்ள சிறு வேலையை முடித்தபின் மாற்றலாம். எண்ணெய் குறைந்திருந்தாலும் பால்போல வெளுத்திருந்தாலும் அன்றே மாற்றி, நீர் புகும் அடைப்பையும் திருத்துக. ஒழுங்காகத் தட்டும் ஓசையுடன் உலோகத் துண்டும் கிடைத்தாலோ, அந்த வரம்பிலேயே நிறுத்திவிடுங்கள். உடைந்த ஒரு பல் மற்றப் பற்களுக்கிடையே அகப்பட்டால், ஒரு சக்கரத்தோடு போகவேண்டிய செலவு முழுப் பின்னச்சையும் விழுங்கிவிடும்.

கமக்காரப் பெருமக்களே, பட்டறைக்குச் செல்லுமுன் மூன்று வரிகளைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: ஓசை எப்பொழுது எழுகிறது, எப்பொழுது நிற்கிறது, எண்ணெயில் என்ன கண்டீர்கள். அத்தாளைப் பெறும் மெக்கானிக் திறக்கவேண்டிய இடத்தை மட்டும் திறப்பார்; உங்கள் பணமும் நாட்களும் மிஞ்சும். சிறுபோக அறுவடை முடிந்து, பெரும்போக நீர் வருமுன் உள்ள ஓய்வு நாட்களே இச்சோதனைக்கு ஏற்ற காலம். அந்நாட்களில் ஒரு காலைப்பொழுதை இதற்கென ஒதுக்கி, உங்கள் இயந்திரம் கூறுவதைச் செவிமடுப்பீர்களாக.