பறவை பார்ப்போருக்கு ஏற்ற தொலைநோக்கி



மாரி தொடங்கி ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் வந்துவிட்டால் யாழ்ப்பாணத்துக் கடனீரேரிகளுக்கு வடக்கிலிருந்து விருந்தினர் வந்து சேர்வர். ஆசியாவின் வடபகுதிகளைப் பனி மூடுங் காலத்தில் அங்கிருந்து புறப்படும் ஊசிவால் வாத்துகளும் உள்ளான்களும் ஆலாக்களும் பங்குனி வரை நம்முடன் தங்குகின்றன. எங்கள் பண்டத்தரிப்பிலிருந்து சுழிபுரம் வழியாகத் துவிச்சக்கர வண்டியிற் சென்றால், நெடுநேரம் ஆகாமலே பொன்னாலையை அடைந்துவிடலாம். அங்கிருந்து காரைநகருக்குச் செல்லும் தாம்போதியில் நின்றால் இருபுறமும் ஆழமற்ற நீர்ப்பரப்பு, அந்நீரிற் பறவைகள். ஆயினும் வெறுங்கண்ணுக்கு அவற்றுட் பல புள்ளிகளே. அப்புள்ளிகளைப் பறவைகளாக்கித் தருவது, பைனோகுலர் என்று நாம் வழங்கும் இருகண் தொலைநோக்கி. நடுத்தர விலையில் அதனை எவ்வாறு தெரிந்து வாங்குவது என்பதே இன்றைய பேச்சு.

முதலில் நான் செய்த பிழையைக் கூறிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் பாடசாலைப் பிள்ளைகளுக்கென ஒரு தொலைநோக்கி வாங்கினேன். பெட்டியின்மேல் இருபது மடங்கு என்று அச்சிடப்பட்டிருந்தது; விலையும் மலிவு. மடங்கு மிகுந்தால் நன்மையும் மிகும் என்று நம்பினேன். ஒரு தை மாதக் காலையிற் பிள்ளைகளைத் தாம்போதிக்கு அழைத்துச் சென்றேன். தொலைவில் வெண்ணிறப் பறவைகள் சில நின்றன. கருவியைக் கண்ணில் வைத்தேன். கடலும் வானும் சேர்ந்து நடுங்கின. வெண்மை ஒன்றே தெரிந்தது. "கொக்குகள்" என்றேன். பிள்ளைகள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டனர். ஒரு மாணவன் மட்டும், "ஐயா, கொக்கு அசையாமல் நின்றல்லவா மீன் பிடிக்கும்? இவை தலையை இருபக்கமும் வீசிக்கொண்டு நடக்கின்றனவே" என்றான். கருவியிற் பார்த்தவன் நான் என்று சொல்லி அவனை அடக்கிவிட்டேன்.

அடுத்த ஆண்டு, பறவை பார்க்க வந்த அன்பர் ஒருவர் எட்டு மடங்குத் தொலைநோக்கியை எனக்குத் தந்தார். அதே நீர்ப்பரப்பு; அதே வெண்ணிறப் பறவைகள். அலகின் நுனி கரண்டிபோல் விரிந்திருந்தது தெளிவாகத் தெரிந்தது. அவை கரண்டிவாயன்கள்! அலகை நீரில் இருபக்கமும் வீசி இரை தேடுவது அவற்றின் இயல்பு. வெறுங்கண்ணால் உண்மையைக் கண்டவன் அம்மாணவன். கருவி வைத்திருந்தும் காணாதவன் நான். அவனோ அதற்குள் பாடசாலையை விட்டு நீங்கியிருந்தான்.

ஆகவே மடங்கைப் பற்றியே முதலிற் பேசவேண்டும். தொலைநோக்கியில் 8 பெருக்கல் 42 என்பதுபோல் இரண்டு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதலாவது உருப்பெருக்கம், இரண்டாவது முன்வில்லையின் விட்டம், மில்லிமீற்றரில். பெருக்கம் கூடும்போது பறவை மட்டுமா பெரிதாகிறது? நம் கையின் நடுக்கமும் பெரிதாகிறது. வெயில் ஏறியபின் நீர்ப்பரப்பின்மேல் எழும் கானலும் பெரிதாகிறது. பார்வைப் பரப்போ சுருங்குகிறது. எட்டு மடங்குக் கருவியில் ஆயிரம் மீற்றர் தொலைவில் ஏறத்தாழ 130 மீற்றர் அகலம் தெரியும். பத்து மடங்கில் அது பெரும்பாலும் 100 முதல் 115 மீற்றராகக் குறையும். பறக்கும் ஆலாவைத் தேடிப் பிடிக்க அகலமே உதவும்.

இரண்டாம் எண்ணை முதலாம் எண்ணால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். 42ஐ 8ஆல் வகுக்க ஐந்து மில்லிமீற்றருக்குச் சற்றே மேல். விடியற்காலை மங்கலில் நடுவயதினரின் கண்மணி விரியும் அளவுக்கு இது போதுமானது. சட்டைப் பையில் அடங்கும் 10 பெருக்கல் 25 கருவியில் அது இரண்டரை மட்டுமே. நண்பகலுக்கு ஏற்கும், வைகறைக்கு ஏற்காது. ஆதலின் 8 பெருக்கல் 42 என்பதே என் பரிந்துரை. நிறை பெரும்பாலும் 600 முதல் 700 கிராம் வரை இருக்கும். சிறுபிள்ளைகளுக்கும் நெடுந்தூரம் நடப்போருக்கும் 8 பெருக்கல் 32 இலகுவானது. பெருக்கத்தை மாற்றக்கூடிய கருவிகளை நடுத்தர விலையில் வாங்காதிருப்பதே நன்று.

நடுத்தர விலை என்று நான் கருதுவது ஏறத்தாழ 150 முதல் 350 அமெரிக்க டொலர் வரை. நம்மவருக்கு இது சிறுதொகையன்று. ஒருமுறை செலவிட்டால் மறுமுறை செலவிட இயலாத பணம். எனவே பணங் கொடுக்குமுன் கடையிலேயே சில சோதனைகளைச் செய்யுங்கள்.

கருவியைக் கைநீளத்திற் பிடித்து வெளிச்சத்தை நோக்குங்கள். சூரியனை மட்டும் ஒருபோதும் நோக்கலாகாது. கண்வில்லைகளில் இரண்டு ஒளிவட்டங்கள் தெரியும். அவை முழுவட்டமாக இருந்தால் நன்று. ஓரங்கள் வெட்டுண்டு சதுரம்போல் மங்கினால் உள்ளேயுள்ள அரியங்கள் தரங் குறைந்தவை. அடுத்து, தொலைவிலுள்ள பனைமரத்தையோ மின்கம்பத்தையோ பாருங்கள். ஒன்று இரண்டாகத் தெரிந்தாலும், கண்ணை இழுப்பதுபோல் இருந்தாலும், இரு குழல்களும் ஒரு நேரில் இல்லை. அக்கருவி தலைவலியையே தரும். முன்வில்லை மாணிக்கம்போற் சிவந்து மின்னினால் மயங்காதீர்கள். எல்லாப் பரப்புகளிலும் பலபடலப் பூச்சுள்ள வில்லை பெரும்பாலும் மெல்லிய பச்சையாகவோ ஊதாவாகவோ தோன்றும்.

மூக்குக்கண்ணாடி அணிவோர் அதனைக் கழற்றாமலே பார்த்துச் சோதிக்கவேண்டும். கண்வில்லையிலிருந்து கண் விலகியிருக்கக்கூடிய தூரம் 15 மில்லிமீற்றருக்குக் குறைந்தால், காட்சியின் ஓரம் மறைந்துவிடும். நமது கிளுவை வேலியில் வந்தமரும் தேன்சிட்டையும் பார்க்க விரும்பினால், இரண்டு மூன்று மீற்றர் அண்மையிலும் உரு தெளிகிறதா என்று பாருங்கள்.

நம் நாட்டுக்கு இன்னுமொன்று இன்றியமையாதது. உப்புக் காற்றும் மாரி ஈரமும் வில்லையின் உள்ளே பூஞ்சணம் பிடிக்கச் செய்யும். நீர் புகாதபடி அடைத்து நைதரசன் நிரப்பிய கருவி இதனைப் பெரிதும் தவிர்க்கும். இத்தகைய அடைப்பு, நேர்க்குழல் வடிவக் கருவிகளிற் கூடுதலாகக் காணப்படுகிறது. வளைந்த தோளுடைய பழைய வடிவம், அதே விலைக்குச் சிலவேளை கூடிய தெளிவைத் தரும். ஆனால் அடைப்புள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். கடற்கரையிலிருந்து மீண்டதும் மென்தூரிகையால் மணலையும் உப்பையும் நீக்கியபின்னரே சுத்தமான மென்துணியாற் துடைக்கவேண்டும். வேட்டித் தலைப்பால் அழுத்தித் துடைத்தால் வில்லையிற் கீறல் விழும்.

கருவி கைக்கு வந்தபின் அதனை உங்கள் கண்ணுக்கு இசைவாக்குங்கள். வலக்குழலை மூடி, நடுச்சக்கரத்தைத் திருப்பி இடக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பின் இடக்குழலை மூடி, வலக்குழலின் வளையத்தை மட்டும் திருப்பி வலக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். இச்சிறு வேலையைச் செய்யாமல் நல்ல கருவியைப் பழிப்போர் பலர்.

போர் நடந்த ஆண்டுகளில், நம் கடற்கரையில் இத்தகைய கருவியுடன் ஒருவர் நிற்பதே சந்தேகத்துக்கு இடமாயிருந்தது. 2009இற் போர் முடிந்தபின் வளர்ந்த பிள்ளைகள் அவ்வச்சமின்றித் தாம்போதியில் நிற்கிறார்கள். ஆயினும் பாதுகாப்பு முகாம்களையும் பிறர் வீடுகளையும் நோக்கிக் கருவியைத் திருப்பாதிருத்தல் நற்பண்பு.

என்னிடம் படித்த அம்மாணவனைச் சந்தித்து, "நீ சொன்னதே சரி" என்று கூற எனக்கு மேலும் ஓராண்டு சென்றது. குறிப்பேட்டில் அந்த ஒரு சொல்லையும் திருத்தி, திருத்திய நாளையும் எழுதிவைத்தேன். நேயர்களே, நல்ல தொலைநோக்கி வாங்குங்கள். ஆனால் அதைக் கண்ணில் வைக்குமுன் வெறுங்கண்ணால் ஒரு கணம் பாருங்கள். அருகில் ஒரு பிள்ளை நின்றால், அது என்ன காண்கிறது என்றும் கேளுங்கள்.