பச்சைப்பிள்ளையும் பித்தக்குழாயும்

(சங்கமத்தில் ஆற்றிய உரை)



இன்ஜினியருக்குக் கல்லீரலில் என்ன வேலை என்று கேட்பீர்கள். குழாய் வேலைதான்! ஈரலில் சுரக்கும் பித்தநீர் ஒரு மெல்லிய குழாய் வழியாகக் குடலுக்கு வருகிறது. சில குழந்தைகளுக்கு அந்தக் குழாய் பிறவியிலேயே பலூன் மாதிரி உப்பி நீர்க்கட்டியாகிறது. சிலருக்குக் குழாயே அடைத்துப்போகிறது. வயிற்றில் இருக்கும்போதே சில கட்டிகள் ஸ்கேனில் தெரிந்துவிடும்.

"பச்சைப்பிள்ளைக்கு ஆபரேஷனா?" என்று வீட்டில் பதறுவாங்க. எல்லாக் கட்டிக்கும் கத்தி வேண்டாம். ஈரலுக்குள் தனியாக இருக்கும் சிறு கட்டியை ஸ்கேனில் கவனித்து வந்தாலே பெரும்பாலும் போதும். பித்தக்குழாய்க் கட்டி வேறு சங்கதி. அதை அகற்றி, சிறுகுடலை மேலே கொண்டுவந்து மீதிக் குழாயோடு இணைப்பார்கள்.

குழாய் அடைத்த குழந்தைக்கு, ஜப்பானிய டாக்டர் மோரியோ கசாய் 1950-களில் கண்ட ஆபரேஷன் இருக்கிறது. ஈரலின் வாசலிலேயே குடலைத் தைப்பது. 60 நாளுக்குள் செய்தால் பலன் அதிகம். தாமதித்தால் ஈரல் இறுகிவிடும். அப்புறம் மாற்று ஈரல்தான். 1998-இல் டெல்லி அப்பல்லோவில், இந்தியாவிலேயே முதன்முதலாக ஒரு குழந்தைக்கு வெற்றிகரமாக ஈரல் மாற்றினார்கள். பித்தக்குழாய் அடைப்போடு பிறந்த அந்த 20 மாதக் குழந்தை நம்ம காஞ்சிபுரத்துப் பிள்ளை! தந்தை தன் ஈரலில் ஒரு பகுதி கொடுத்தார். பிள்ளை வளர்ந்து டாக்டராகவே ஆனார்.

பிறந்த பிள்ளைக்கு மஞ்சள் வருவது சகஜம். "வெயில்ல காட்டு, போயிடும்" என்பாங்க. பெரும்பாலும் தானாகவே போய்விடும். ஆனால் 14 நாளுக்கு மேலும் நீடித்தாலோ, மலம் சுண்ணாம்பு போல வெளுத்தாலோ, சிறுநீர் துணியில் மஞ்சள் கறை விட்டாலோ ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. ரத்தத்தில் 'டைரக்ட் பிலிருபின்' பார்க்கச் சொல்லுங்கள். பிள்ளை நன்றாகப் பால் குடிக்கும், சிரிக்கும். அதில்தான் பெற்றவர்கள் ஏமாந்துபோகிறார்கள். தைவானில் மல நிறத்தைப் படமாகக் காட்டும் அட்டையை 2004 முதல் நாடு முழுக்கத் தாய்மாரிடம் கொடுக்கிறார்கள். செலவு என்னமோ ஓர் அட்டைதான்!

நமக்கு வசதி தூரத்தில் இல்லை. விழுப்புரத்தார்க்கு முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி. திண்டிவனத்தார்க்குப் பாண்டி ரோட்டில் ஜிப்மர். ரயிலேறினால் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை. தூரத்தை விட நாள்கணக்குதான் முக்கியம்.

மாணவர்களே, உங்கள் தெருவில் பிள்ளை பிறந்தால் "யார் ஜாடை?" என்று கேட்பதோடு, "ஆய் என்ன நிறத்தில் போகுது?" என்றும் கேளுங்கள். சிரிப்பாங்க, சிரிக்கட்டும். ஒரு பிள்ளை பிழைத்தால் போதாதா?