தலையில் தட்டினால் உதவி கேட்கிறார்: கைட் சர்ஃபிங் கரையில் நாம் நடந்துகொள்ள வேண்டிய முறை

(கடற்கரைப் பாதுகாப்பு குறித்த உரையின் எழுத்து வடிவம்)



இராமேசுவரம் தீவுக்கு நீங்கள் போயிருப்பீர்கள். கோயில், பாம்பன் பாலம், தனுஷ்கோடி என்று சுற்றி வரும்போது சில கரைகளில் ஒரு காட்சி கண்ணில் படும். வானத்தில் பெரிய வண்ணப் பட்டம். கீழே தண்ணீரில் பலகை மேல் நின்றுகொண்டு ஒருவர் சீறிப் பாய்வார். அதுதான் கைட் சர்ஃபிங். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இதன் ஒரு வகை பதக்கப் போட்டியாகவே நடந்தது.

இந்தத் தீவுக்கு ஏன் வருகிறார்கள்? வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. தென்மேற்குப் பருவத்தில் கச்சான் அடிக்கும். வடகிழக்குப் பருவத்தில் வாடை அடிக்கும். ஆண்டுக்கு இரண்டு காற்றுக் காலம், பல இடங்களில் ஆழம் குறைந்த தண்ணீர். கற்றுக்கொள்பவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

சரி, இதில் நமக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். இருக்கிறது. தண்ணீரில் ஓட்டுவதை ஒருவர் தனியாகச் செய்துவிடலாம். ஆனால் பட்டத்தைக் கரையில் இறக்கும்போது பெரும்பாலும் இன்னொருவர் கை தேவைப்படும். அந்த இன்னொருவர் சக ஓட்டுநராக இருக்கலாம், டீக்கடைத் தம்பியாக இருக்கலாம், வேடிக்கை பார்க்க வந்த நீங்களாகவும் இருக்கலாம். நல்ல மனசோடு ஓடிப் போய்த் தப்பான இடத்தில் பிடித்தால் உங்கள் விரல் போகும், அல்லது அவர் உயிருக்கே ஆபத்து வரும். அதனால்தான் இந்தப் பேச்சு.

இது காத்தாடி இல்லீங்க

முதலில் அளவைப் புரிந்துகொள்ளுங்கள். இந்தப் பட்டத்தின் பரப்பு சாதாரணமாக 7 முதல் 12 சதுர மீட்டர் வரை இருக்கும். பெரியதை விரித்தால் பத்துக்குப் பன்னிரண்டு அறையின் தரையை மூடிவிடும். அதை ஓட்டுபவரோடு இணைக்கும் நூல்களை லைன் என்பார்கள். நான்கு அல்லது ஐந்து லைன்கள், ஒவ்வொன்றும் சுமார் 20 முதல் 24 மீட்டர் நீளம். ஏழெட்டு மாடிக் கட்டட உயரம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

பட்டத்தின் முன் விளிம்பில் காற்று நிரப்பிய தடித்த குழாய் ஒன்று இருக்கும். இதைத்தான் லீடிங் எட்ஜ் என்கிறார்கள். தண்ணீரில் விழுந்தாலும் மூழ்காமல் மீண்டும் எழும்பும்படியான இந்த அமைப்புக்கு பிரான்சைச் சேர்ந்த லெகெய்னு சகோதரர்கள் 1984-இல் காப்புரிமை கோரினார்கள். நீங்கள் பிடிக்க வேண்டிய இடமும் இந்தக் குழாய்தான். இதை மட்டும் மனதில் வையுங்கள், மீதியைப் பிறகு சொல்கிறேன்.

காற்றின் கணக்கு ஒன்று உண்டு. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் இழுக்கும் விசை இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்கு ஆகும். மணிக்கு 28 கிலோமீட்டர் வேகத்தில் சமாளிக்கக்கூடிய பட்டம், 56 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கும் ஒரு திடீர்க் காற்றில் ஆளையே தூக்கிவிடும். தூக்கினால் நடுக்கடலில் தண்ணீரில் விழுவார். கரையில் தூக்கினால்? படகு, பாறை, மின்கம்பம், சுவர். அதனால்தான் அனுபவசாலிகள் கடலைவிடக் கரைக்கு அதிகம் பயப்படுவார்கள்.

லைன் விஷயமும் சொல்லிவிடுகிறேன். மாஞ்சா நூல் கழுத்தை அறுத்த செய்திகளை நாம் படித்திருக்கிறோம். இந்த லைனில் கண்ணாடித் தூள் கிடையாது, உண்மைதான். ஆனால் மெல்லியது, மிக வலுவானது. ஒரு ஆளின் எடையை இழுத்துக்கொண்டு முறுக்காக நிற்கும்போது அதுவும் கத்திதான். விரலில் சுற்றினால் விரலை எடுத்துவிடும்.

கூப்பிடும் சைகை

கடல் இரைச்சலிலும் காற்றிலும் குரல் கேட்காது. அதனால் சைகைதான் பேச்சு. ஓட்டுபவர் தன் உள்ளங்கையால் உச்சந்தலையில் தட்டிக் காட்டுவார். “நான் இறங்கணும், கொஞ்சம் பிடிங்க” என்று அர்த்தம். உலகத்தின் எந்தக் கரையிலும் இதே சைகைதான்.

உங்களுக்குப் பிடிக்கத் தெரியும் என்றால், கட்டை விரலை உயர்த்திக் காட்டுங்கள். அல்லது நீங்களும் தலையில் தட்டிக் காட்டுங்கள். அப்போதுதான் அவர் உங்களை நம்பிப் பட்டத்தை இறக்குவார்.

தெரியாது என்றால்? கூச்சப்படாதீர்கள். இரண்டு கையையும் அகலமாக ஆட்டி “வேண்டாம்” என்று காட்டிவிட்டு, தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். இதுவும் உதவிதான். “முயற்சி பண்ணிப் பார்க்கலாமே” என்பதற்கு இது இடமில்லை.

பிடிக்கும் முறை: ஐந்து படிகள்

1. கையைக் காலி பண்ணுங்கள். ஒரு கையில் போன், இன்னொரு கையில் கைட் என்பது நடக்காத காரியம். போனைப் பையில் போடுங்கள். வீடியோ எடுக்க வேறு யாரையாவது சொல்லுங்கள். பக்கத்தில் குழந்தைகள், நாய்கள் இருந்தால் முதலில் அவற்றை அப்புறப்படுத்துங்கள்.

2. நிற்கும் இடத்தைப் பாருங்கள். பட்டம் ஓட்டுபவரின் இடப்பக்கமோ வலப்பக்கமோ மெதுவாகத் தாழ்ந்து வரும். அது வந்து சேரும் பக்கத்தில், ஒரு லைன் நீளம் தள்ளி நில்லுங்கள். ஓட்டுபவருக்கு நேராகக் காற்று போகும் திசையில் நிற்கவே கூடாது. பட்டத்தின் முழு வேகமும் அங்கேதான் பாயும். அவருக்கும் பட்டத்துக்கும் நடுவிலும் போகாதீர்கள்.

3. துரத்தாதீர்கள். பட்டம் உங்களிடம் வரட்டும். எம்பிக் குதித்துப் பிடிப்பது வேண்டாம். கைக்கு எட்டும் உயரத்தில், அது அசையாமல் நிற்கும் வரை பொறுங்கள். ஒழுங்காக வரவில்லை என்றால் அவர் மீண்டும் உயர்த்தி இன்னொரு முறை இறக்குவார்.

4. முன் விளிம்பின் நடுப்பகுதியை இரண்டு கையாலும் உறுதியாகப் பிடியுங்கள். ஓரத்தைப் பிடிக்காதீர்கள், பின் விளிம்பைப் பிடிக்காதீர்கள், லைனையோ லைன் கட்டியிருக்கும் கயிறுகளையோ தொடவே தொடாதீர்கள். பிடித்த உடனே பட்டத்தைத் திருப்பாதீர்கள். அது வந்த நிலையிலேயே வைத்திருங்கள். ஓட்டுபவர் உங்களை நோக்கிச் சில அடி நடந்து வருவார், லைன்கள் தொய்வாகும். அதுதான் அடுத்த படிக்கு அடையாளம்.

5. லைன் தொய்ந்த பிறகு, முன் விளிம்பு காற்றைப் பார்க்கும்படி, தரையோடு ஒட்டும்படி பட்டத்தைக் கவிழ்த்து வையுங்கள். துணியின் மேல் மணலை அள்ளிப் போடுங்கள். கல்லோ சிப்பியோ வேண்டாம், துணி கிழியும். உரியவர் வந்து “சரி” என்று சொல்லும் வரை அந்த இடத்தை விட்டு நகராதீர்கள். பாதியில் விட்டுவிட்டுப் போனால், மணல் போதாமல் பட்டம் மீண்டும் எழும்பும். அப்போது பிடிக்க யாரும் இருக்க மாட்டார்கள்.

அவ்வளவுதான். ஒரு நிமிட வேலை. ஆனால் அந்த ஒரு நிமிடம் முழுக் கவனம் வேண்டும்.

கை மீறிப் போனால்

பிடித்த பிறகு பட்டம் திமிறி இழுத்தால், விட்டுவிடுங்கள். “பிடிச்சுட்டோம், விடக் கூடாது” என்று வீம்பு வேண்டாம். விட்டுவிட்டு, காற்று வரும் பக்கமாக விலகிப் போங்கள். ஓட்டுபவரிடம் குயிக் ரிலீஸ் என்ற அவசர விடுவிப்பு இருக்கும். அதைத் தள்ளினால் பட்டம் ஒரே லைனில் தொங்கி வலுவிழக்கும். அவர் தடுமாறினால் “ரிலீஸ்! ரிலீஸ்!” என்று உரக்கக் கத்துங்கள். பதற்றத்தில் இருப்பவருக்கு அந்த ஒரு வார்த்தை போதும்.

அவர் தரையில் இழுபட்டுப் போகும்போது லைனைப் பிடித்து நிறுத்தப் பார்ப்பதுதான் மக்கள் செய்யும் பெரிய தவறு. மனசு பதறும், புரிகிறது. ஆனால் அப்படிச் செய்தால் காயப்படுபவர்கள் இரண்டு பேர் ஆகிவிடுவார்கள். பட்டம் வலுவிழந்த பிறகு போங்கள், முன் விளிம்பைப் பிடித்து அமுக்குங்கள், பிறகு ஆளைக் கவனியுங்கள்.

ஓட்டுபவர்களுக்கும் இரண்டு வார்த்தை

நீங்கள் பட்டத்தை ஏற்றும் முன்பே, யார் இறக்கித் தரப் போகிறார்கள் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். பக்கத்தில் பழக்கமானவர் யாரும் இல்லை என்றால், கரையில் இருக்கும் ஒருவருக்கு முன்கூட்டியே நிதானமாகச் சொல்லிக் கொடுங்கள். எங்கே பிடிக்கணும், எங்கே பிடிக்கக் கூடாது, எப்போது விடணும் என்ற மூன்றும் போதும். களைத்துப் போய்க் கரைக்கு வந்த பிறகு, தெரியாத சுற்றுலாப் பயணியைப் பார்த்துத் தலையில் தட்டினால், அவர் உங்களுக்கு வணக்கம் சொல்கிறார் என்று நினைத்துக் கை ஆட்டுவார்!

இறக்கும் இடத்தில் காற்று போகும் பக்கம் குறைந்தது இரண்டு லைன் நீளம், அதாவது சுமார் 50 மீட்டர், ஆளும் பொருளும் இல்லாமல் இருக்கட்டும். கரையிலிருந்து கடலுக்குள் போகிறவருக்கு, உள்ளே வருகிறவர் வழிவிட வேண்டும். இறங்கியதும் லைனை உடனே சுற்றி எடுத்து வையுங்கள். மணலில் கிடக்கும் லைன் ஓடி வரும் குழந்தையின் காலுக்குத் தெரியாது.

இன்னொருவர் தலையில் தட்டுவதைப் பார்த்தால், உங்கள் வேலையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போங்கள். அவர் யார், எந்தப் பயிற்சி மையம், உள்ளூரா வெளிநாடா என்று பார்க்கிற நேரமில்லை அது. இன்று நீங்கள் பிடிப்பீர்கள், நாளை உங்களுக்கு ஒருவர் பிடிப்பார். உதவியவருக்கு ஒரு நன்றி சொல்லுங்கள். டீ வாங்கிக் கொடுத்தாலும் தப்பில்லை.

கரை மீனவர்களுடையதும்தான்

விளையாட்டு வருவதற்கு முன்பே அந்தக் கரையில் வாழ்க்கை நடக்கிறது. கரைவலை இழுக்கும் நேரத்தில், வள்ளம் கரையேறும் நேரத்தில் அந்தப் பகுதியில் பட்டம் வேண்டாம். வலை காயும் இடத்தில் பட்டத்தை இறக்காதீர்கள். ஒரு வலை கிழிந்தால் ஒரு குடும்பத்தின் பல நாள் சம்பாத்தியம் போகும். “அண்ணே, இங்க இறக்கலாமா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். காற்று எப்போது திரும்பும், எங்கே பாறை கிடக்கிறது என்று உங்கள் செயலிக்குத் தெரியாததை அவர்கள் சொல்வார்கள்.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருபவை. 1986 முதல் அது பாதுகாக்கப்பட்ட பகுதி. “கொஞ்சம் இளைப்பாறிட்டுப் போறேன்” என்று அனுமதியில்லாமல் அங்கே இறங்கக் கூடாது.

உங்கள் போனில் இருக்க வேண்டியவை

இந்த எண்களை இப்போதே சேமித்துக்கொள்ளுங்கள்:

• 112 – அனைத்து அவசர உதவி
• 108 – ஆம்புலன்ஸ்
• 1093 – கடலோரப் பாதுகாப்புக் காவல் உதவி எண்
• 1554 – இந்தியக் கடலோரக் காவல்படையின் தேடல், மீட்பு உதவி எண்

ஒருவர் கரையிலிருந்து கடலை நோக்கி அடித்துச் செல்லப்பட்டால் நீங்கள் நீந்திப் போகாதீர்கள். ஒருவர் கண்ணை எடுக்காமல் அவரைப் பார்த்துக்கொண்டே இருக்கட்டும், இன்னொருவர் அழைக்கட்டும். எந்தக் கரை, பட்டத்தின் நிறம் என்ன, கடைசியாக எந்தத் திசையில் பார்த்தீர்கள் என்ற மூன்றையும் சொல்லுங்கள். போனில் இருப்பிட வசதியை இயக்கி வையுங்கள்.

கடலுக்குப் போகும் நாளில் இந்திய வானிலை ஆய்வு மையத்தின் ‘மௌசம்’ செயலியில் காற்று, இடி எச்சரிக்கைகளைப் பாருங்கள். இடி மின்னல் எச்சரிக்கை இருந்தால் பட்டத்தை ஏற்றவே வேண்டாம்.

நிறைவாக

முன்பின் தெரியாத ஒருவர் தலையில் தட்டும்போது, தன் பாதுகாப்பை ஒரு நிமிடத்துக்கு உங்கள் கையில் ஒப்படைக்கிறார். தெரிந்தால் சரியாகப் பிடியுங்கள். தெரியாவிட்டால் தெரிந்தவரை அழையுங்கள். லைனை மட்டும் ஒருபோதும் தொடாதீர்கள். இந்த மூன்றையும் உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும், கடற்கரைக்குக் கிளம்பும் நண்பர்களுக்கும் சொல்லுங்கள். மேலே உள்ள ஐந்து படிகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து உங்கள் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிடுங்கள்.