ஒரே வாசலா, பல வாசலா?

(ஆனைக்கரை ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மலையேறி வந்த நம் முன்னோர் கையில் அரிவாளும் கூடையும் இருந்தன. அவர்தம் பேரப்பிள்ளைகள் கையில் இன்று காமிரா இருக்கின்றது. செல்லார்கோவில் முனையில் நின்று கீழே விரியும் பச்சை வயல்களைப் படம் எடுக்கின்றனர். காய் எடுப்புக்குக் குனிந்த தாய்மாரையும், செடியடியில் படர்ந்த சரத்தையும், ஸ்டோரில் உலரும் காயையும் படம் எடுக்கின்றனர். அப்படங்களை விலைக்கு விடும் கம்பெனிகள் உலகெங்கும் உள்ளன. பத்திரிகையும் விளம்பரமும் நடத்துவோர் அங்கே படம் தேடி, பயன்படுத்தும் உரிமைக்குப் பணம் தருவர்; அதில் ஒரு பங்கு எடுத்தவருக்கு வரும்.

சென்ற மாதம் நம் காலனித் தம்பி ஒருவர் நம்மிடம் வந்தார். “ஐயா, எங்களுக்கு மட்டுமே படம் கொடுத்தால் கூடுதல் பங்கு தருவோம் என்கிறது ஒரு கம்பெனி. கையெழுத்திடலாமா?” என்று கேட்டார். அவருக்கு அன்று ஒரு சொல்லில் விடை கூற இயலவில்லை. இன்று இம்மேடையிலேயே விடை காண முயல்வோம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 2000ஆம் ஆண்டில் கனடா நாட்டில் தோன்றிய ஐஸ்டாக் என்னும் நிறுவனத்தை, 2006இல் கெட்டி இமேஜஸ் 5 கோடி டாலருக்கு வாங்கிற்று. அங்கே பல இடங்களிலும் விற்பவரின் ஒளிப்படத்துக்கு நூற்றுக்கு 15 பங்கு; தனக்கே உரியவராக ஒப்புக்கொண்டவருக்கு 25 முதல் 45 வரை பங்கு. நூறு ரூபாய்க்கு விற்றால் 15 எங்கே, 25 எங்கே? பார்த்தவுடன் ஆசை பிறப்பது இயல்பே. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்த 10 ரூபாய் வேறுபாட்டை மற்றக் கம்பெனிகள் அனைத்தும் சேர்ந்து ஈட்டித் தருமா, தராதா? தருமாயின் கட்டுப்படுவது நட்டம். தராதாயின் கட்டுப்படுவது இலாபம். இதனை அவரவர் தம் ஓராண்டு விற்பனைக் கணக்கை வைத்துத்தான் அறிய இயலும். கணக்கு எழுதாதவர் இம்முடிவை எடுக்கத் தகுதியற்றவர் என்பது நமது எண்ணம்.

இக்கணக்கு இன்றைய பங்கை வைத்துப் போட்டது. நாளையும் அப்பங்கு நிற்குமா? ஆலமி என்னும் பிரிட்டிஷ் நிறுவனம் 2018 டிசம்பரில், 50ஆக இருந்த பங்கை 40ஆகக் குறைக்கப் போவதாக அறிவித்தது. படம் எடுப்போர் எதிர்த்துக் குரல் எழுப்பவே, தன்னிடம் மட்டும் விற்கும் படங்களுக்கு 50 பங்கே நீடிக்கும் என்று இறங்கி வந்தது. நம்பிப் பலர் தம் படங்களை அதற்கே உரியனவாக்கினர். 2020இல் அந்நிறுவனம் பிஏ மீடியா குழுமத்தின் கைக்கு மாறிற்று. 2021இல் ஒப்பந்தமும் மாறிற்று. பெரும்பாலோர்க்குப் பங்கு 40 ஆயிற்று. ஆண்டு விற்பனை 250 டாலரை எட்டாத சிறியவர்க்கு 20 ஆயிற்று.

பில் கேட்ஸ் 1989இல் தொடங்கிய கார்பிஸ் நிறுவனத்தின் படக் களஞ்சியம் 2016இல் ஒரு சீன நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. சீனாவுக்கு வெளியே அதை விநியோகிக்கும் பொறுப்பு நேற்றுவரை போட்டியாளராயிருந்த கெட்டிக்கே சென்றது. கெட்டியும் ஷட்டர்ஸ்டாக்கும் இணையப் போவதாக 2025 சனவரியில் அறிவித்தன. ஆகவே நாம் யாரிடம் கையெழுத்திடுகின்றோமோ, அவரே நாளையும் உடைமையாளராய் இருப்பார் என்று எண்ணுதல் கூடாது.

அன்பர்களே! மலைத்தோட்டத்து மக்களாகிய நமக்கு இச்சிக்கல் புதிதன்று. காப்பித் தோட்டக்காரரைக் கேளுங்கள். 1942ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வீட்டுச் செலவுக்கும் விதைக்கும் போக விளைந்த காப்பி முழுவதையும் காப்பி வாரியத்தின் பொதுத் தொகுப்பிலேயே சேர்க்க வேண்டியிருந்தது. உலகப் போரினால் ஐரோப்பியச் சந்தை அடைபட்ட காலத்தில் அந்த ஒரே வாசல் விவசாயியைக் காத்தது. அதை மறுத்தல் நன்றி மறத்தலாகும். ஆனால் காலம் மாறியபின், உலக விலை ஏறியபோதும் விவசாயி தன் தொகைக்குத் தவணை தவணையாய்க் காத்திருந்தான். 1990களில் படிப்படியாய்த் தளர்ந்து, 1996இல் அக்கட்டு முற்றும் நீங்கிற்று. காத்த வேலியே காலம் மாறியபின் தடையானதை நாம் கண்டோம்.

ஏலக்காய்க்கு வழி வேறு. 2007 முதல் போடியிலும், பின்னர் நம் அருகிலுள்ள புற்றடியிலும் ஸ்பைசஸ் வாரியத்தின் மின்னணு ஏலம் நடைபெறுகின்றது. ஏலம் விடும் உரிமம் பெற்ற கம்பெனிகள் பல. எதனிடம் காயைக் கொண்டுபோவது என்பது விவசாயியின் விருப்பம்.

அந்த விருப்பத்தை நமது குடும்பமே ஒருமுறை இழந்தது. 2018 பெருவெள்ளத்தில் செடிகள் அழுகின. மறு நடவுக்குப் பணம் வேண்டி ஒரு வியாபாரியிடம் முன்பணம் பெற்றோம். காய் முழுவதும் அவருக்கே தருவதாக ஒப்புக்கொண்டோம். மறு ஆண்டு விளைச்சல் குறைந்து விலை ஏறிற்று. 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை போயிற்று. நாமோ முன்பு பேசிய விலைக்கே நிறுத்துக் கொடுத்தோம். அவர் மீது குற்றமில்லை. இடுக்கண் வந்த நாளில் உதவியவர் அவரே. எவ்வளவு காலத்துக்கு, எந்த விலைக்கு என்று கேளாமல் தலையசைத்த குற்றம் நம்முடையது. அன்றிரவு நமது தாயார் அடுப்படியில் வாய் பேசாமல் அமர்ந்திருந்த காட்சி இன்றும் கண்ணில் நிற்கின்றது.

ஆதலின் தம்பியர்க்கு நாம் கூறுவது இது. ஒருவருக்கே கொடுத்தல் தீது என்று நாம் கூறவில்லை. பல கம்பெனிகளுக்குப் படம் ஏற்றிக் குறிப்பு எழுதும் நேரம் மிச்சமாகும், பங்கும் கூடும், படம் மலிவாய்ச் சிதறாது. ஆயினும் கையெழுத்திடுமுன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். கட்டு ஒரு படத்துக்கா, எடுக்கும் படம் அனைத்துக்குமா? விலக விரும்பினால் எத்தனை நாள் முன்னறிவிப்பு? கம்பெனி தன் விதியைத் தானே மாற்றிக்கொள்ளலாமா? செயற்கை அறிவுப் பொறிகளுக்குப் பயிற்சி தர நம் படத்தைக் கொடுப்பார்களா, கொடுத்தால் நமக்கு என்ன?

படத்தை விற்பனைக்குக் கொடுத்தல் பயன்படுத்தும் உரிமத்தை அளிப்பதேயன்றி, பதிப்புரிமையையே எழுதிக் கொடுப்பதன்று. நமது 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் ஒளிப்படத்துக்கு, எடுத்தவரின் வாழ்நாள் முழுவதும், அவர் இறந்த ஆண்டை அடுத்து 60 ஆண்டுகளும் காப்பு அளிக்கின்றது. அது உங்கள் பிள்ளைகளுக்கும் சேரும் சொத்து. அதை எழுதிக் கேட்கும் தாளில் ஒருபோதும் ஒப்பமிடாதீர்கள்.

இன்னொன்று. காய் பறிக்கும் தாயின் முகம் விளம்பரத்துக்குப் போவதாயின், அவருடைய எழுத்து ஒப்புதல் வேண்டும். அம்முகம் எந்த நாட்டில், எந்தச் சரக்கின்மேல் அச்சாகும் என்பதை நாமே அறியோம். படிக்கத் தெரியாதவர்க்குத் தாளைத் தமிழில் படித்துக் காட்டி, பொருள் விளங்கிய பின்னரே கையொப்பம் பெறுங்கள். நம் தாய்மார் ஒருமுறை விளங்காமல் இட்ட கைந்நாட்டின் விலையை நாம் அறிவோம்.

கேட்ட தம்பிக்கு நமது விடை: படந்தோறும் கட்டுப்பட இடம் தரும் கம்பெனி இருப்பின், சிறந்த பத்துப் படங்களை மட்டும் அதற்கே கொடுங்கள். மற்றவற்றைப் பல வாசல்களில் வையுங்கள். ஓராண்டு கணக்கு எழுதுங்கள். அடுத்த ஆண்டு விழாவில் அக்கணக்கை இச்சங்கத்தின் முன் வையுங்கள். அது உங்களுக்கு மட்டுமன்றி, பின்வரும் பிள்ளைகளுக்கும் வழிகாட்டும்.