நலிந்த அணியை ஏற்றவர்கள்



கூடைப்பந்து ஆட்டத்தை உலகுக்கு அளித்தவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். 1891ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் பயிற்சிப் பள்ளியில் அவர் ஆசிரியராக இருந்தார். குளிர்காலத்தில் மாணவர் கூரையின் கீழ் ஆடுவதற்கென்று அவர் வகுத்த ஆட்டம் இது. அதே பள்ளியில் பயின்ற எச். சி. பக் என்பவரே 1920ஆம் ஆண்டில் சென்னையில் அச்சங்கத்தின் உடற்பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். ஆதலின் இவ்வாட்டம் நமக்கு முற்றிலும் அயலானதன்று.

நெய்ஸ்மித் பின்னர் கான்சாஸ் பல்கலைக் கழக அணிக்குப் பயிற்சியாளரானார். அங்கே அவர் அணி வென்ற ஆட்டங்கள் 55, தோற்றவை 60. அப்பல்கலைக் கழகத்தின் வரலாற்றில் வெற்றியினும் தோல்வி மிகுந்த பயிற்சியாளர் அவர் ஒருவரே. ஆட்டத்தைப் படைத்தவரே தோல்விக் கணக்கில் நிற்கிறார் என்றால், வெற்றி தோல்வி எண்ணிக்கை ஒன்றையே கொண்டு ஒருவரை எடைபோடுவது முறையாகுமா? இக்கேள்வியை மனத்திற்கொண்டு, அமெரிக்கக் கல்லூரிகளில் நலிந்து கிடந்த அணிகளை ஏற்ற சில பயிற்சியாளரை இன்று ஒப்பிட்டுப் பார்ப்போம்.

முதலில் அங்குள்ள நிலையைச் சிறிது அறிதல் வேண்டும். அமெரிக்காவில் முதல் பிரிவில் ஆடும் கல்லூரிகள் 350க்கும் மேற்பட்டவை. ஒவ்வோர் அணியும் ஓர் ஆண்டில் ஏறத்தாழ 30 ஆட்டங்கள் ஆடும். மார்ச்சு மாதத்தில் தேசியப் போட்டி நடைபெறும். ஆடவர் போட்டியில் இப்போது 2011ஆம் ஆண்டு முதல் 68 அணிகள் அழைக்கப்படுகின்றன. ஒருமுறை தோற்றவர் வெளியேற வேண்டியதுதான். ஆடும் மாணவர் நான்காண்டு இருந்து சென்றுவிடுவர். நிலைத்து நிற்பவர் பயிற்சியாளரே. எனவே அணி தாழ்ந்தால் பழி அவர்மேல் விழும். புதியவர் ஒருவர் அழைக்கப்படுவார். அவர் வந்த முதல் ஆண்டிலேயே, “சென்ற ஆண்டு எத்தனை, இந்த ஆண்டு எத்தனை?” என்று கூட்டிக் கழித்துத் தீர்ப்புச் சொல்லிவிடுவோர் பலர். நாம் வேறு மூன்று கேள்விகளைக் கேட்போம். அவர் பெற்றுக்கொண்டது என்ன? அவருக்கு அளிக்கப்பட்ட காலம் எவ்வளவு? அவர் விட்டுச்சென்றது என்ன?

முதற் கேள்விக்கு இரண்டு அணிகளை அருகருகே வைத்துப் பார்ப்போம். ஒன்று கென்டக்கி, மற்றொன்று பெய்லர்.

1989ஆம் ஆண்டில் கென்டக்கி அணியை ரிக் பிட்டினோ ஏற்றார். விதிகளை மீறியதற்காக அவ்வணி தண்டிக்கப்பட்டிருந்தது. இரண்டாண்டுகள் தேசியப் போட்டியில் ஆடக்கூடாது. ஓராண்டு அவர்கள் ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் நேரடியாகக் காட்டவும் கூடாது. முதலாண்டில் பிட்டினோவின் அணி 14 ஆட்டங்களில் வென்று 14ல் தோற்றது. ஆயினும் அவர் கைக்கு வந்தது வெறுங்கலம் அன்று. ஐந்து முறை தேசியப் பட்டம் வென்ற பெருமை அங்கே இருந்தது. 20,000க்கு மேற்பட்டோர் அமரும் அரங்கம் இருந்தது. தண்டனைக்கு அஞ்சி ஓடாமல் தங்கிய நான்கு மாணவர் இருந்தனர். 1992ஆம் ஆண்டில் அந்நால்வர் இருந்த அணி, டியூக் பல்கலைக் கழக அணியிடம் மிகை நேர ஆட்டத்தில் 104க்கு 103 என்ற கணக்கில், கடைசி நொடியில் தோற்றது. பட்டம் ஏதும் வெல்லாத அந்நால்வரின் சட்டைகளை அப்பல்கலைக் கழகம் தன் அரங்கத்தின் உச்சியில் ஏற்றிப் பெருமை செய்தது. அணியின் மானத்தைக் காத்தவர் யார் என்பதை அவ்வூரார் அறிந்திருந்தனர். பிட்டினோவுக்குப் பட்டம் கிடைத்தது 1996ஆம் ஆண்டில், ஏழாவது பருவத்தில்.

பெய்லரின் கதை வேறு. டெக்சாஸ் மாநிலத்து வேக்கோ நகரில் உள்ள அப்பல்கலைக் கழகத்தில், 2003ஆம் ஆண்டு கோடையில் ஆட்டக்கார மாணவர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடன் அதே அணியில் ஆடிய மற்றொரு மாணவர் பின்னர் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார். விசாரணையில் விதி மீறிய பணக் கொடுப்புகள் வெளிப்பட்டன. அதைவிடக் கொடியது ஒன்றும் வெளிப்பட்டது: அப்போதைய பயிற்சியாளர், தம் குற்றத்தை மறைக்கும் பொருட்டு, இறந்த பிள்ளையைப் போதைப்பொருள் விற்றவன் என்று சொல்லும்படி தம் மாணவரைத் தூண்டியிருந்தார். அவர் விலகினார். முதன்மையான ஆட்டக்காரர் மூவர் வேறு கல்லூரிகளுக்குச் சென்றனர்.

அந்த இடத்திற்கு வந்தவர் ஸ்காட் ட்ரூ; வயது 32. அதற்கு முன் ஒரே ஓராண்டுதான் அவர் தலைமைப் பயிற்சியாளராக இருந்திருந்தார். உதவித்தொகை பெறாத சாதாரண மாணவரையும் சேர்த்து அவர் எண்ணிக்கையை நிரப்ப வேண்டியிருந்தது. முதலாண்டில் வெற்றி 8, தோல்வி 21. 2005-06ஆம் பருவத்தில், தம் வட்டாரக் கூட்டமைப்புக்கு வெளியே எவ்வணியோடும் ஆடக்கூடாது என்ற தண்டனை வந்தது. ஆடிய 17 ஆட்டங்களில் வென்றவை நான்கே. 2008ஆம் ஆண்டில், இருபது ஆண்டுகளுக்குப் பின், பெய்லர் தேசியப் போட்டிக்குச் சென்றது. 2021ஆம் ஆண்டு ஏப்ரலில், அதுவரை அப்பருவத்தில் ஓர் ஆட்டத்திலும் தோற்றிராத கொன்சாகா அணியை 86க்கு 70 என்று வீழ்த்திப் பட்டம் வென்றது. அது ட்ரூவின் பதினெட்டாவது பருவம்.

கென்டக்கிக்கு ஏழு பருவம், பெய்லருக்குப் பதினெட்டு. ஆகவே பிட்டினோ மேலானவர் என்று சொல்லிவிடலாமா? சொல்லலாகாது. ஒருவர் மேடையில் நின்று ஏணி வைத்தார். மற்றவர் பள்ளத்தில் நின்று ஏணி வைத்தார். உச்சியைத் தொட்ட நேரத்தைக் குறிக்கும் முன்னர், ஏணியின் அடி எங்கே இருந்தது என்று பார்த்தல் வேண்டும்.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். அவருக்கு எவ்வளவு காலம் அளிக்கப்பட்டது? இது பயிற்சியாளரைப் பற்றிய கேள்வி போலத் தோன்றினும், உண்மையில் அவரை அமர்த்தியவரைப் பற்றிய கேள்வியாகும்.

கென்டக்கியை 1992ல் வென்ற அந்த டியூக் அணியின் பயிற்சியாளர் மைக் ஷெஷெஃப்ஸ்கி. 1980ஆம் ஆண்டில் அவர் அப்பணியை ஏற்றபோது அணி அவ்வளவாகத் தாழ்ந்திருக்கவில்லை. அவர் வந்த பிறகுதான் தாழ்ந்தது. முதல் மூன்று பருவங்களில் வெற்றி 38, தோல்வி 47. 1983ஆம் ஆண்டின் கடைசி ஆட்டத்தில் வர்ஜீனியா அணியிடம் 109க்கு 66 என்று தோற்றபோது, அவரை நீக்கவேண்டும் என்று புரவலர் பலர் குரல் எழுப்பினர். விளையாட்டுத் துறையின் தலைவராக இருந்த டாம் பட்டர்ஸ் அதற்கு இணங்கவில்லை. மறு பருவத்தின் நடுவிலேயே பணிக்காலத்தை நீட்டித்துக் கொடுத்தார். அந்த ஒரு மனிதர் அன்று அசைந்திருந்தால், 1991 முதல் 2015 வரை டியூக் வென்ற ஐந்து பட்டங்கள் இல்லை. ஷெஷெஃப்ஸ்கி 2022ஆம் ஆண்டில் தாமே விரும்பி ஓய்வு பெற்றார்.

மகளிர் ஆட்டத்திலும் இதற்குச் சான்று உண்டு. தென் கரோலினாப் பல்கலைக் கழக மகளிர் அணியை 2008ஆம் ஆண்டில் டான் ஸ்டேலி அம்மையார் ஏற்றார். ஒலிம்பிக் போட்டிகளில் ஆட்டக்காரராக மூன்று தங்கப் பதக்கம் பெற்றவர் அவர். ஆயினும் முதலாண்டில் வெற்றி 10, தோல்வி 18; கூட்டமைப்புக்குள் ஆடிய 14 ஆட்டங்களில் வென்றவை இரண்டே. இரண்டாமாண்டிலும் தோல்வியே சற்று மிகுந்திருந்தது. அவரும் பொறுத்தார்; பல்கலைக் கழகமும் பொறுத்தது. 2017, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் தேசியப் பட்டம் வந்தது. 2024ல் ஆடிய 38 ஆட்டங்களிலும் வெற்றி.

காலத்தின் அருமையை இன்னும் தெளிவாகக் காட்டுவது ஜான் வுடனின் வரலாறு. 1948ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்திற்கு அவர் வந்தார். முந்தைய ஆண்டில் 12 வென்று 13 தோற்றிருந்த அணி, அவருடைய முதலாண்டிலேயே 22 வென்று 7 மட்டும் தோற்றது. விரைவில் புதிய அரங்கம் வரும் என்று அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. அது திறக்கப்பட்டதோ 1965ஆம் ஆண்டில்! அதுவரை பழைய கட்டடத்தின் மாடியில், மல்யுத்தம் பழகுவோரும் கம்பியில் தாவிப் பழகுவோரும் அருகே இருக்க, அவர் தம் மாணவரைப் பழக்கினார். பயிற்சிக்கு முன் தரையின் புழுதியைத் தாமே துடைப்பார். முதற் பட்டம் 1964ல், பதினாறாவது பருவத்தில், அரங்கம் எழுமுன்னரே வந்தது. 1975ல் ஓய்வு பெறுவதற்குள், பன்னிரண்டு ஆண்டுகளில் பத்துப் பட்டங்கள். பதினைந்து ஆண்டு பட்டமின்றி இருந்தார் என்று அவரை யாரும் நீக்கவில்லை என்பதை நாம் மறத்தலாகாது.

மூன்றாவது கேள்வியே கடினமானது. அவர் விட்டுச்சென்றது என்ன?

சான் டியேகோ மாநிலப் பல்கலைக் கழகத்தை எடுத்துக்கொள்வோம். 1999ஆம் ஆண்டில் ஸ்டீவ் ஃபிஷர் அங்கே வந்தார். முந்தைய ஆண்டில் அணி வென்றவை 4. அவர் வந்த ஆண்டில் 5. கூட்டமைப்புக்குள் 14 ஆட்டங்களிலும் தோல்வி. ஆட்டம் காண ஆளில்லை. ஆகவே அவரே கல்லூரி வளாகத்தில் நடந்து, மாணவரை அழைத்து, நுழைவுச் சீட்டுகளை இலவசமாகக் கொடுத்தார். மிச்சிகன் அணியைக் கொண்டு 1989ல் தேசியப் பட்டம் வென்ற ஒருவர், சீட்டுக் கொடுப்பதற்கு நாணவில்லை. 2011ஆம் ஆண்டில் அவ்வணி 34 ஆட்டங்களில் வென்று மூன்றில் மட்டும் தோற்றது. 2017ல் அவர் ஓய்வு பெற்றபோது, தொடக்கம் முதல் துணை நின்ற பிரையன் டச்சரிடம் பொறுப்பு வந்தது. 2023ஆம் ஆண்டில் டச்சரின் அணி தேசிய இறுதி ஆட்டம் வரை சென்றது. பட்டம் கிடைக்கவில்லை; கனெக்டிகட் அணி வென்றது. ஆயினும் ஏற்றி வைத்தவர் போன பிறகும் விளக்கு எரிந்தது. இதனினும் சிறந்த சான்றிதழ் ஓர் ஆசானுக்கு உண்டோ?

இதற்கு மறுபுறமும் உண்டு. கென்டக்கியிலிருந்து பிட்டினோ 1997ல் விலகியபோது வலிமையான அணியை விட்டுச்சென்றார். அடுத்த ஆண்டே அது மீண்டும் பட்டம் வென்றது. பின்னர் அவர் லூயிவில் பல்கலைக் கழகத்தில் பணியாற்றி 2013ல் மற்றொரு பட்டம் பெற்றார். மாணவர் விடுதியில் நிகழ்ந்த முறைகேடுகளின் காரணமாக அப்பட்டம் 2018ல் ஏட்டிலிருந்து நீக்கப்பட்டது. அதற்கு முன், 2017லேயே, அவர் பணியிழந்திருந்தார். அம்முறைகேடுகள் தமக்குத் தெரியா என்றே அவர் கூறிவந்தார். லூயிவில் படிப்படியாகச் சரிந்து, 2022-23ஆம் பருவத்தில் 32 ஆட்டங்களில் நான்கையே வென்றது. அச்சரிவுக்கு அவர் ஒருவரே பொறுப்பு என்பது நேர்மையாகாது. ஆனால் ஒரே மனிதரின் இரண்டு பணிகள் மூன்றாவது கேள்விக்கு இருவேறு விடை தருகின்றன என்பதை மறைக்க இயலாது.

இனி, அண்மைக் காலத்து மாறுதல் ஒன்றையும் சொல்லவேண்டும். முன்பெல்லாம் வேறு கல்லூரிக்கு மாறும் மாணவர் பொதுவாக ஓராண்டு ஆடாமல் காத்திருக்க வேண்டும். 2021ஆம் ஆண்டில் அத்தடை தளர்ந்தது. தம் பெயரையும் புகழையும் கொண்டு பொருள் ஈட்டவும் அவ்வாண்டிலேயே மாணவருக்கு உரிமை கிடைத்தது. விளைவு என்ன? 2023-24ஆம் பருவத்தில் லூயிவில், மிச்சிகன் ஆகிய இரண்டு அணிகளும் 8 வென்று 24 தோற்றன. லூயிவிலுக்குப் பாட் கெல்சியும், மிச்சிகனுக்கு டஸ்டி மேயும் புதிதாக வந்தனர். பிற கல்லூரிகளிலிருந்து ஆட்டக்காரரைத் திரட்டினர். அடுத்த பருவத்திலேயே இரண்டு அணிகளும் 27 வெற்றிகள் பெற்றன. ட்ரூவுக்கும் ஃபிஷருக்கும் பல்லாண்டு பிடித்த வேலை ஓராண்டில் முடிந்துவிட்டது போலத் தோன்றுகிறது.

இருவரும் திறமையாளர் என்பதில் ஐயமில்லை. மாணவருக்கு உரிமை கிடைத்ததும் நன்றே. பயிற்சியாளர் விரும்பியபோது வேறிடம் போகலாம், மாணவர் மட்டும் காத்திருக்க வேண்டும் என்பது நீதியன்று. எனினும் இவ்வேகத்தால் ஒரு தீங்கும் நேரலாம். ஓராண்டில் ஒருவர் அணியை நிமிர்த்தினார் என்றால், எல்லோரிடமும் அதையே எதிர்பார்ப்பர். மூன்றாண்டில் 47 தோல்வி கண்ட மற்றொரு ஷெஷெஃப்ஸ்கிக்கு நான்காவது ஆண்டு கிடைப்பது அரிதாகிவிடும்.

ஆகவே, நலிந்த அணியை ஏற்றவரை ஒப்பிடும்போது, முதலாண்டு வெற்றியைத் தனியே நிறுத்தாமல் மூன்று கேள்விகளையும் சேர்த்தே கேட்போம். நம்மைக் கேட்டால், இன்று சொன்ன அனைவருள்ளும் ட்ரூவின் சுமையே பெரிது என்போம். மற்றவர் பெற்றது தோல்வியுற்ற அணி, அல்லது தண்டனை பெற்ற அணி. அவர் பெற்றது துக்கத்திலும் பொய்யிலும் மூழ்கிய அணி. அங்கே முதலில் மீட்கப்பட வேண்டியது நம்பிக்கை. தம் பிள்ளையை நம்பி அனுப்பலாம் என்று ஒரு தாய் மீண்டும் எண்ணினாளே, அந்நாளிலேயே பெய்லர் பாதி வென்றுவிட்டது. அந்த வெற்றியை எந்தக் கணக்கேட்டிலும் காண இயலாது. ஆனால் பின்னர் வந்த பட்டம் அதன்மேல்தான் நின்றது.