பழைய ஸ்டேஷன் வேகன்: வைத்திருப்பதா, கொடுத்துவிடுவதா?

(காலாண்டுக் கூட்டத்தில் சி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

சி பிளாக் பார்க்கிங்கில் நிற்கும் நீளமான டாடா இண்டிகோ மரினா எங்களுடையது. "இன்னும் ஏன் சார் இதை வைத்திருக்கிறீர்கள்?" என்று பலரும் கேட்கிறீர்கள். பதில் சொல்லச் செயலாளர் ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்.

நம் நாட்டில் ஸ்டேஷன் வேகன் பெரிதாக விற்றதில்லை. 1992-இல் டாடா எஸ்டேட் வந்தது, 2004-இல் மரினா. இரண்டுமே நிலைக்கவில்லை. ஆனால் எங்கள் அம்மாவுக்கு இதைவிடச் சௌகரியமான வண்டி இல்லை. சீட் உயரம் குறைவு, காலைத் தூக்காமல் உட்காரலாம். சக்கர நாற்காலி, வாக்கர் இரண்டும் டிக்கியில் போய்விடும்.

பராமரிப்புக்கு வருகிறேன். மரினாவின் முன்பாதி இண்டிகோ செடான் மாதிரிதான். பாகங்கள் தேடினால் கிடைக்கும். பின்கண்ணாடி, டெயில் லாம்ப், டிக்கி கதவு மூன்றும் இதற்கே உரியவை, கிடைப்பது கஷ்டம். ஆகவே ரிவர்ஸ் எடுக்கும் நண்பர்களே, கொஞ்சம் பார்த்து!

ஓடிய கிலோமீட்டரை மட்டும் பார்த்தால் போதாது, வயதையும் பார்க்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. பட்டன் தேயாவிட்டாலும் ரப்பர் கெட்டிப்பட்டுவிடும். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். டைமிங் பெல்ட் அறுந்தால் பல இன்ஜின்களில் வால்வு பிஸ்டனில் மோதிவிடும். செலவு வண்டியின் விலையைத் தொட்டுவிடும். வேகனில் டிக்கிக்கும் சீட்டுக்கும் நடுவே தடுப்பு கிடையாது. சடன் பிரேக் போட்டால் சாமான் முன்னால் பாயும். எதை ஏற்றினாலும் கட்டி வையுங்கள்.

அடுத்தது சட்டம். டெல்லியின் 10 ஆண்டு, 15 ஆண்டுக் கட்டுப்பாடு நமக்கு இல்லை. ஆனால் 15 ஆண்டு முடிந்தால் எஃப்.சி. காட்டி ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும்; பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை. காலாவதிக்கு 60 நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 ஆண்டு தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் அதை 10,000 ஆக்கினார்கள்.

எங்கள் வண்டி 2006 மாடல். மறுபடி புதுப்பிப்பதா என்று வீட்டில் பேசி முடித்துவிட்டோம். முதலில் லிஃப்டில் ஏற்றி அடிப்பாகத்தைப் பார்ப்போம். தளத்திலோ சஸ்பென்ஷன் பொருந்தும் இடத்திலோ துரு அரித்திருந்தால், அம்மாவை அதில் ஏற்ற மாட்டோம்; அரசு அங்கீகரித்த ஸ்கிராப் மையத்துக்குக் கொடுத்துவிட்டு, டெபாசிட் சான்றிதழ் வாங்கிக்கொள்வோம். அடிப்பாகம் திடமாக இருந்தால் 10,000 கட்டுவோம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் பார்க்கிங்கில் மாதக்கணக்கில் அசையாமல் நிற்கும் கார்கள் ஐந்தாறு இருக்கின்றன. பேட்டரி இறங்கும், ஹேண்ட் பிரேக் இறுகிக்கொள்ளும், எலி ஒயரைக் கடிக்கும். அந்த எலி அடுத்து பக்கத்து வண்டிக்குத்தான் போகும். வாரம் ஒருமுறை அரை மணி நேரம் ஓட்டுங்கள். ஓட்ட ஆள் இல்லையென்றால், ஓட்டுகிறவருக்குக் கொடுத்துவிடுங்கள்.