‘ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதும் முன்

இன்று பட்டம் பெறும் செவிலியர்களே,

முப்பது வருடம் வார்டில் நின்றவள் நான். அதில் நான் வெட்கப்பட்ட ஓர் இரவைச் சொல்கிறேன்.

பனியன் கம்பெனியில் வேலை செய்த ஒடிசா பெண். பிரசவமாகி ஒரு நாள். ரத்த அழுத்தம் 160/110. ஊசியோடு போனால் கையை இழுத்துக்கொள்கிறாள், வாசலைக் காட்டி அழுகிறாள். “அவங்க ஊர்ல ஆஸ்பத்திரின்னாலே பயம்” என்று பேசிக்கொண்டோம். கேஸ் ஷீட்டில் ‘ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதியது என் கைதான்.

விடியற்காலை வார்டு பெருக்க வந்த அம்மா, அரைகுறை இந்தியில் விசாரித்தார். மூத்த பிள்ளைக்கு மூன்று வயது. பக்கத்து அறைக்காரியிடம் விட்டிருக்கிறாள். அந்த அறைக்காரிக்கோ காலை ஷிப்ட். பிள்ளையைப் பார்க்க வேறு ஆளில்லை. மேஸ்திரிக்குப் போன் போட்டுப் பிள்ளையை வரவழைத்தோம். அப்புறம் அந்த ஒடிசா பெண்ணே கையை நீட்டினாள்.

அவள் பெண், வேற்று மொழிக்காரி, தினக்கூலி, சொந்தமில்லாத ஊரில் தாய். தனித்தனியாக எல்லாம் எங்களுக்குத் தெரியும். அவை சேர்ந்து விழுந்த முடிச்சுதான் தெரியவில்லை. அந்த முடிச்சுக்கு 1989-ல் பெயர் வைத்தவர் அமெரிக்கச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா. அவர் எடுத்துக்காட்டிய வழக்கு ஒன்றில், ஒரு கார் கம்பெனி ஆலையில் கறுப்பின ஆண்களையும் அலுவலகத்தில் வெள்ளைப் பெண்களையும் வைத்திருந்தது. கறுப்பினப் பெண்கள் வழக்குப் போட்டபோது, இனத்தையும் பாலினத்தையும் சேர்த்துப் பார்க்க நீதிமன்றம் மறுத்துவிட்டது.

நம் தொழிலுக்குள்ளும் இதற்கு நெருக்கமான ஒரு சிந்தனை உண்டு. நியூசிலாந்தின் மாவோரி செவிலியர் இரிஹாபெட்டி ராம்ஸ்டன் வளர்த்த சிந்தனை 1992-ல் அந்நாட்டு நர்சிங் பாடத்தில் சேர்ந்தது. நம் கவனிப்பு பாதுகாப்பாக இருந்ததா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் நோயாளியே என்பது அதன் சாரம்.

ஆகவே, இந்தச் சாதிக்காரர் இப்படி, அந்த மதத்தார் அப்படி என்று பட்டியல் மனப்பாடம் செய்யாதீர்கள், கேளுங்கள். ரம்ஜான் மாதம் சர்க்கரை நோயாளி வந்தால், நோன்பு வைக்கிறாரா என்று கேட்டு, மருந்து நேரத்தை டாக்டரிடம் பேசுங்கள். திருநங்கை வந்தால் எந்தப் பெயரில் கூப்பிட வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள். கேட்டால் மட்டும் போதாது, பார்க்கவும் வேண்டும். கறுத்த தோலில் நீலம் பாரிப்பது சட்டென்று தெரியாது. உதட்டையும் நாக்கையும் பாருங்கள்.

நாளை நீங்களும் ‘ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதப் பேனா எடுப்பீர்கள். எழுதும் முன், “வீட்டுல யார் இருக்காங்க?” என்று அவருக்குப் புரியும் மொழியில் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.